குளிர் அறை கன்ட்ரோலர்: வாழைக்காய்க்கு எத்தனை டிகிரி, எப்படி செட் செய்வது?

குமரி மாவட்டத்தில் வாழை விவசாயிகள் பலரும் இப்போது சிறிய குளிர் அறை பற்றிக் கேட்கிறார்கள். காரணம் எளிது. ஓணம் நெருங்கும்போது ஏத்தன் குலைக்கு ஒரு விலை, ஓணம் முடிந்த மறுநாள் வேறு விலை. வடசேரியிலும் மார்த்தாண்டத்திலும் ஒரே நாளில் சரக்கு குவிந்தால், வெட்டிய குலையைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும். பத்து நாள் நிறுத்தி வைக்க ஓர் இடம் இருந்தால் பேரம் பேசலாம். 2023-ம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டி வாழைக்கும் இது பொருந்தும். வெளியூர்ச் சந்தைக்கு அனுப்ப வேண்டுமென்றால் பழுக்கும் நாளை நம் கையில் வைத்திருக்க வேண்டும்.

குளிர் அறையை யார் வேண்டுமானாலும் கட்டித் தருவார்கள். அது சரியாக வேலை செய்கிறதா என்பதைத் தீர்மானிப்பது சுவரில் மாட்டியிருக்கும் உள்ளங்கை அளவு பெட்டிதான். அதற்குப் பெயர் டெம்பரேச்சர் கன்ட்ரோலர். கம்ப்ரசரை எப்போது ஓட்ட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று அதற்கு நாம் எண்களாகச் சொல்லி வைக்க வேண்டும். உள்ளே இருப்பது வாழைக்காயா, பாலா, மீனா என்று அதற்குத் தெரியாது. நீங்கள் கொடுத்த எண்ணை மட்டும் அது நிறைவேற்றும். எண் தவறினால் நல்ல மெஷினே நல்ல சரக்கைக் கெடுத்துவிடும்.

இந்தக் கட்டுரையில் அந்த எண்கள் என்னென்ன, வாழைக்கு எவ்வளவு வைக்க வேண்டும், வைத்த பிறகு எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதைப் பார்க்கலாம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைவோம்

"சரக்கு சூடாக இருக்கிறது, சீக்கிரம் குளிரட்டும்" என்று கன்ட்ரோலரை 8 டிகிரிக்கு இறக்கி வைப்பவர்கள் உண்டு. இதனால் ஒரு நிமிடம்கூட மிச்சமாகாது. சாதாரண கம்ப்ரசருக்கு ஓடுவது, நிற்பது என்று இரண்டே நிலைதான். 13 டிகிரி வைத்தாலும் 8 டிகிரி வைத்தாலும் அது ஒரே வேகத்தில்தான் குளிர்விக்கும். நீங்கள் வைக்கும் எண் வேகத்தைக் கூட்டாது. எங்கே நிற்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லும். 8 வைத்தால் 13-ல் நிற்காமல் 8 வரை போகும். அவ்வளவுதான் வித்தியாசம்.

வாழைக்கு அந்த வித்தியாசமே நஷ்டம். பச்சை வாழைக்காய் 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சில மணி நேரம் முதல் சில நாட்கள் இருந்தாலே குளிர்க்காயம் ஏற்படும். எவ்வளவு நேரத்தில் என்பது ரகம், முற்றிய அளவு, இறங்கிய வெப்பநிலை ஆகியவற்றைப் பொறுத்தது. தோலுக்கு அடியில் பழுப்புக் கோடுகள் ஓடும். பழுக்கும்போது பளிச்சென்று மஞ்சள் வராது. சாம்பல் பூத்த மங்கல் நிறம்தான் வரும். சில காய்கள் சரியாகப் பழுக்கவே பழுக்காது.

இதில் பெரிய சிக்கல், அறைக்குள் இருக்கும்வரை காய் பச்சையாக, நன்றாகவே தெரியும். வெளியே எடுத்துப் பழுக்க வைக்கும்போதுதான் காயம் தெரியும். அதற்குள் சரக்கு வியாபாரியின் கைக்குப் போயிருக்கும். அடுத்த முறை அவர் உங்கள் குலையைத் தொட யோசிப்பார்.

எந்தச் சரக்குக்கு எத்தனை டிகிரி?

நம் மாவட்டத்தில் விளையும் பொருட்களை மூன்று கூட்டமாகப் பிரித்துக்கொண்டால் நினைவில் நிற்கும்.

13 டிகிரிக் கூட்டம்:
- பச்சை வாழைக்காய்: 13 முதல் 14 டிகிரி, ஈரப்பதம் 90 முதல் 95 சதவீதம்
- முற்றிய மாங்காய்: சுமார் 13 டிகிரி
- மங்குஸ்தான்: சுமார் 13 டிகிரி
- இஞ்சி: 12 முதல் 13 டிகிரி
- நிறம் மாறாத முற்றிய தக்காளி: 13 முதல் 15 டிகிரி

10 டிகிரிக் கூட்டம்:
- கத்தரி, வெள்ளரி, பாகல்: 10 முதல் 12 டிகிரி
- வெண்டை: 7 முதல் 10 டிகிரி

5 டிகிரியும் அதற்குக் கீழும்:
- மரவள்ளிக் கிழங்கு: 0 முதல் 5 டிகிரி
- கீரை வகைகள்: 0 முதல் 2 டிகிரி
- பால்: 4 டிகிரி அல்லது அதற்குக் கீழ்

ஒரே அறையில் வாழைக்காயையும் கீரையையும் வைத்தால் இரண்டில் ஒன்று கெடும். எந்தச் சரக்குக்காக அறை கட்டுகிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். பச்சைக் காயுடன் ஒரு சீப்புப் பழத்தைக்கூட சேர்த்து வைக்க வேண்டாம். பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு மற்ற காய்களையும் பழுக்கத் தூண்டிவிடும். எத்தனை குளிர் வைத்தாலும் அது பிறகு முழுதாகக் கட்டுப்படாது.

கன்ட்ரோலரில் உள்ள முக்கிய எண்கள்

கடைகளில் பல கம்பெனிக் கன்ட்ரோலர்கள் கிடைக்கின்றன. பட்டன்களும் எழுத்துகளும் மாறும். உள்ளே இருக்கும் விஷயம் ஒன்றுதான்.

1. செட் பாயின்ட்

கம்ப்ரசர் நிற்க வேண்டிய வெப்பநிலை இது. வாழைக்காய்க்கு 13.5 டிகிரி வையுங்கள். 13 என்று வைத்தால், கம்ப்ரசர் நின்ற பிறகும் காயிலில் மிச்சம் இருக்கும் குளிர் அறையை இன்னும் சற்று இறக்கிவிடும். அந்த அரை டிகிரி நமக்குப் பாதுகாப்பு.

2. டிஃபரன்ஷியல் (வித்தியாசம்)

நின்ற கம்ப்ரசர் எத்தனை டிகிரி ஏறிய பிறகு மறுபடி ஓட வேண்டும் என்பது இது. 1 டிகிரி வைத்தால் 13.5-ல் நிற்கும், 14.5-ல் மீண்டும் ஓடும். இதை 0.3 என்று மிகக் குறைத்தால் கம்ப்ரசர் அடிக்கடி ஓடி ஓடி நிற்கும். மின்சாரமும் வீண், மோட்டாரின் ஆயுளும் குறையும். 3 டிகிரி என்று கூட்டினால் அறை 16-க்கு மேல் ஏறும். வாழைக்கு 1 டிகிரி போதும்.

சில கன்ட்ரோலர்களில் இந்த வித்தியாசம் செட் பாயின்டுக்கு மேலும் கீழும் பாதிப் பாதியாகப் பிரியும். அப்படிப்பட்டதில் 13.5 வைத்தால் 13 வரை இறங்கும். வாங்கும்போதே கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், அல்லது பொருத்துபவரிடம் கேளுங்கள்.

3. கம்ப்ரசர் தாமதம்

நின்ற கம்ப்ரசர் உடனே மறுபடி ஓடக் கூடாது. உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தம் இருபக்கமும் சமமாக சில நிமிடங்கள் வேண்டும். அதற்கு முன் ஓட முயன்றால் மோட்டார் சுற்ற முடியாமல் திணறும், வழக்கத்தைவிடப் பல மடங்கு கரன்ட் இழுக்கும், வைண்டிங் எரிந்துவிடும்.

நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் உண்டு. காற்றிலும் மழையிலும் தென்னை மட்டை கம்பியில் விழுந்து கரன்ட் போய்ப் போய் வருவது நமக்குப் பழக்கம். அதனால் இந்த எண்ணைக் குறைந்தது 3 நிமிடம், முடிந்தால் 5 நிமிடம் வையுங்கள். இதை ஒருபோதும் பூஜ்ஜியம் ஆக்க வேண்டாம். நல்ல ஸ்டெபிலைசரும் சேர்த்துப் போடுவது அவசியம்.

4. சென்சார் திருத்தம்

சென்சார் காட்டும் வெப்பநிலை உண்மையான வெப்பநிலையாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒன்று அல்லது ஒன்றரை டிகிரி வித்தியாசம் இருக்கலாம். பாலுக்கு அது பெரிதல்ல. 13-க்கும் 12-க்கும் நடுவில் வாழும் வாழைக்கு அது மொத்த சரக்கு. இதைச் சரிபார்க்கும் முறை கீழே தனியாக இருக்கிறது.

5. டிஃப்ராஸ்ட் (பனி உருக்குதல்)

உள்ளே இருக்கும் காயிலில் பனி படிந்தால் காற்று போகாது, குளிர் குறையும். குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை கம்ப்ரசரை நிறுத்தி, ஃபேனை மட்டும் ஓடவிட்டால் பனி உருகிவிடும். 13 டிகிரி அறைக்கு இந்தச் சாதாரண முறையே போதும், ஹீட்டர் தேவையில்லை. 6 முதல் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, 20 நிமிடம் என்று தொடங்கலாம். ஒரு வாரம் காயிலைப் பார்த்து, பனியே இல்லை என்றால் இடைவெளியைக் கூட்டலாம். ஐஸ்கிரீம், மீன் வைக்கும் உறைநிலை அறைகளுக்குத்தான் ஹீட்டர் டிஃப்ராஸ்ட் வேண்டும்.

6. அலாரம்

பெரும்பாலான இடங்களில் "அறை சூடானால் மணி அடிக்கட்டும்" என்று மேல் அலாரம் மட்டும் வைக்கிறார்கள். வாழைக்குக் கீழ் அலாரம்தான் முக்கியம். மேல் அலாரம் 17 டிகிரி, கீழ் அலாரம் 12.5 டிகிரி என்று வையுங்கள். கதவு திறந்து மூடும்போதெல்லாம் அடிக்காமலிருக்க 20 முதல் 30 நிமிடத் தாமதம் கொடுங்கள். மணி உங்கள் வீட்டில் கேட்க வேண்டும். தோட்டத்தில் அடித்துப் பயனில்லை.

7. சென்சார் பழுதானால் என்ன செய்வது?

எலி வயரைக் கடித்துவிட்டால் கன்ட்ரோலருக்கு வெப்பநிலை தெரியாது. அப்போது கம்ப்ரசர் எத்தனை நிமிடம் ஓட வேண்டும், எத்தனை நிமிடம் நிற்க வேண்டும் என்று சில கன்ட்ரோலர்களில் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். 15 நிமிடம் ஓட்டம், 30 நிமிடம் நிறுத்தம் என்பது வழக்கமாக வைக்கும் அளவு. உங்கள் அறை வழக்கமாக எவ்வளவு நேரம் ஓடி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று ஒருநாள் குறித்துவைத்து, அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

சென்சாரை ஐஸ் தண்ணீரில் சோதிக்கும் முறை

இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். புதிய அறையிலும், அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் செய்யுங்கள்.

- நல்ல குடிநீரில் உறையவைத்த ஐஸைப் பொடியாக உடைத்து ஒரு டம்ளர் நிறையப் போடுங்கள்.
- ஐஸ் மூழ்காத அளவுக்குக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். கூழ்போல இருக்க வேண்டும்.
- சென்சார் முனையை நடுவில் விடுங்கள். டம்ளரின் அடியையோ பக்கத்தையோ தொடக் கூடாது.
- ஐந்து நிமிடம் அவ்வப்போது கலக்கிக்கொண்டே இருங்கள்.
- இப்போது திரையில் 0.0 காட்ட வேண்டும்.

1.2 என்று காட்டினால் திருத்தம் என்ற இடத்தில் மைனஸ் 1.2 போடுங்கள். மைனஸ் 0.8 காட்டினால் பிளஸ் 0.8 போடுங்கள். மீன் ஏற்றும் இடத்திலிருந்து ஐஸ் வாங்கினால் அதில் உப்பு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உப்பு சேர்ந்த ஐஸ் பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விடும். உங்கள் கணக்கும் தவறிவிடும்.

சென்சாரை எங்கே மாட்ட வேண்டும்?

ஃபேனிலிருந்து வெளியே வரும் காற்று, அறையின் சராசரியைவிடப் பல டிகிரி குளிர்ந்திருக்கும். சென்சாரைக் காயிலுக்குள் காற்று திரும்பிப் போகும் பக்கத்தில் மாட்டுங்கள். கதவுக்குப் பக்கத்திலும், சுவரை ஒட்டியும், சரக்குக்கு நடுவில் புதைந்தும் இருக்கக் கூடாது.

சென்சார் 14 காட்டும்போதே ஃபேனுக்கு நேர் எதிரே இருக்கும் குலைக்கு 10 டிகிரிக் காற்று அடித்துக்கொண்டிருக்கலாம். அதனால் ஃபேனுக்கு நேர் முன்னால் சரக்கு அடுக்க வேண்டாம். சாதாரண தெர்மாமீட்டர் ஒன்றை அந்த இடத்தில் தொங்கவிட்டு வாரம் ஒருமுறை பாருங்கள்.

கன்ட்ரோலரில் எண்ணை மாற்றுவது எப்படி?

சிறு அறைகளில் அதிகம் காணப்படும் எஸ்டிசி-1000 வகையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இதில் நான்கு எண்கள்தான்.

- எஃப்1: செட் பாயின்ட்
- எஃப்2: டிஃபரன்ஷியல்
- எஃப்3: கம்ப்ரசர் தாமதம் (1 முதல் 10 நிமிடம்)
- எஃப்4: சென்சார் திருத்தம்

'எஸ்' பட்டனை மூன்று விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் எஃப்1 என்று வரும். மேல், கீழ் அம்புக்குறிகளால் வேண்டிய எண்ணுக்குப் போகலாம். 'எஸ்' பட்டனை அழுத்திப் பிடித்தபடியே அம்புக்குறியை அழுத்தினால் மதிப்பு மாறும். எல்லாம் முடிந்ததும் பவர் பட்டனை ஒருமுறை தட்டி விடுங்கள், அப்போதுதான் சேமிக்கும். தட்டாமல் விட்டுவிட்டால் சில விநாடிகளில் பழைய எண்ணுக்கே திரும்பிவிடும். "செட் பண்ணினேன், மாறவே இல்லை" என்று சொல்பவர்களில் பலருக்கு நடப்பது இதுதான்.

வாழைக்கு: எஃப்1 = 13.5, எஃப்2 = 1.0, எஃப்3 = 5, எஃப்4 = ஐஸ் சோதனையில் வந்த திருத்தம்.

இந்த வகையில் டிஃப்ராஸ்ட் வசதி கிடையாது. ஏழு எட்டு டிகிரிக்குக் கீழே போகும் அறைக்கும், சரக்கு அதிகம் வைக்கும் அறைக்கும் டிஃப்ராஸ்ட், அலாரம் உள்ள கன்ட்ரோலரை வாங்குங்கள்.

இதன் உள்ளே இருக்கும் ரிலே 10 ஆம்பியர் வரைதான் தாங்கும். கம்ப்ரசர் ஓடத் தொடங்கும்போது அதைவிட அதிகம் இழுக்கும். எனவே கம்ப்ரசரை நேரடியாக இதில் இணைக்காமல் நடுவில் ஒரு கான்டாக்டர் போட வேண்டும். குளிர் அறைத் தரை எப்போதும் ஈரமாக இருக்கும். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி பிரேக்கரும், சரியான எர்த்தும் இல்லாமல் ஓட்ட வேண்டாம். வயரிங் வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். எண்களை மட்டும் நீங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு ஏசியை வைத்துக் குளிர் அறை அமைக்கலாமா?

சாதாரண ஏசி 16 டிகிரிக்குக் கீழே இறங்க விடாது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் காய்கறிப் பண்ணை நடத்திய ரான் கோஸ்லா என்பவர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ஏசியின் சென்சார் மேல் ஒரு சின்ன சூடேற்றியை வைத்து, "அறை இன்னும் சூடாகத்தான் இருக்கிறது" என்று ஏசியை நம்ப வைப்பதுதான் அந்த வழி. காயிலில் பனி பிடிக்கத் தொடங்கினால் இன்னொரு சென்சார் அதைப் பார்த்து ஏசியை நிறுத்திவிடும். பனி உருகிய பிறகு மறுபடி ஓடும். கூல்பாட் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்து பல நாடுகளின் சிறு விவசாயிகளிடம் போய்ச் சேர்ந்தது.

வாழைக்கு நமக்கு வேண்டியது 13 டிகிரிதான் என்பதால் இந்த முறை நன்றாகவே பொருந்தும். ஆனால் பனி பார்க்கும் சென்சார் இல்லாமல், ஏசியை மட்டும் ஏமாற்றி ஓட்டும் கைவேலை வேண்டாம். காயில் ஐஸ் கட்டியாகிக் கம்ப்ரசர் கெட்டுவிடும்.

ஒரே நாளில் அறையை நிரப்பாதீர்கள்

இங்கே ஒரு சிறு கணக்கு. வயலிலிருந்து 30 டிகிரிச் சூட்டோடு வரும் ஒரு டன் வாழைக்காயை 14 டிகிரிக்கு இறக்க வேண்டும். அந்தச் சூட்டை மட்டும் எடுக்கவே ஒரு டன் திறன் கொண்ட மெஷின் இடைவிடாமல் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். சுவர் வழியாக வரும் சூடு, கதவு திறப்பது, காய் சுவாசிப்பதால் வரும் சூடு எல்லாம் இதற்கு மேல். நடைமுறையில் இரண்டு மடங்கு நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து டன்னை ஒரே நாளில் ஏற்றினால் இரண்டு நாளானாலும் குலையின் நடுப்பகுதி குளிராது. அதற்குள் பழுக்கத் தொடங்கிவிடும். அப்போதுதான் பலருக்குக் கன்ட்ரோலரைக் குறைக்கத் தோன்றும். குறைத்தால் ஃபேன் பக்கம் இருக்கும் காய்க்குக் குளிர்க்காயம், நடுவில் இருக்கும் காய்க்குப் பழுப்பு என்று இரண்டு பக்கமும் நஷ்டம். இதற்குத் தீர்வு கன்ட்ரோலரில் இல்லை.

- விடியற்காலையில் வெட்டுங்கள். வெட்டிய குலையை வெயிலில் போடாதீர்கள்.
- நிழலில் வைத்துச் சூடு ஆறிய பிறகு ஏற்றுங்கள்.
- ஒரு நாளுக்கு அறையின் கொள்ளளவில் கால் பங்குக்கு மேல் ஏற்ற வேண்டாம்.
- கிரேட்டுகளுக்கு இடையிலும் சுவரோரத்திலும் நான்கு விரல் இடைவெளி விடுங்கள்.

பழுக்க வைக்கும் அறைக்கு வேறு எண்கள்

மூட்டம் போட்டுப் பழுக்க வைப்பது நமக்குப் பழக்கமான முறை. புகையிலும் எத்திலீன் இருக்கிறது. ஆனால் அளவும் சூடும் நம் கையில் இருக்காது. பழுக்க வைக்கும் அறையில் அதே எத்திலீனைக் கணக்காகக் கொடுக்கிறோம். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது இந்திய உணவுப் பாதுகாப்புச் சட்ட விதிகளின்படி தடை செய்யப்பட்டது. எத்திலீன் வாயுவைப் பத்து லட்சத்தில் 100 பங்கு வரை பயன்படுத்த அனுமதி உண்டு.

- வெப்பநிலை: 16 முதல் 18 டிகிரி
- ஈரப்பதம்: 90 முதல் 95 சதவீதம்
- எத்திலீன்: முதல் 24 மணி நேரம், அறை மூடியிருக்க வேண்டும்
- அதன் பிறகு அறையைத் திறந்து பழைய காற்றை வெளியேற்றி, அதே வெப்பநிலையில் நிறம் மாறும் வரை வைக்க வேண்டும்

பழுக்கத் தொடங்கிய காய் முன்பைவிடப் பல மடங்கு சூட்டை வெளிவிடும். அறைக் காற்று 17 இருக்கும்போது காயின் உள்சதை 20-ஐத் தாண்டியிருக்கலாம். எனவே காற்றை மட்டும் பார்க்காமல், ஊசிபோன்ற தெர்மாமீட்டரை ஒரு காயின் உள்ளே குத்திப் பாருங்கள். ஜி-9 போன்ற ரகங்களில் சூடு அதிகமானால் உள்சதை இளகிவிடும், தோல் பச்சையாகவே நிற்கும். எத்திலீன் சிலிண்டர் பக்கத்தில் பீடி, தீப்பெட்டி, தீப்பொறி எதுவும் ஆகாது.

இதே கன்ட்ரோலர் சூடேற்றவும் உதவும்

கோழிக்குஞ்சு வளர்ப்பவர்கள் இதே கருவியை புரூடருக்கும் பயன்படுத்தலாம். எஸ்டிசி-1000 வகையில் குளிருக்கு ஒரு ரிலே, சூட்டுக்கு ஒரு ரிலே என்று இரண்டு இருக்கும். சூட்டுப் பக்கத்தில் கணக்கு தலைகீழ்: 34 வைத்து வித்தியாசம் 1 கொடுத்தால், 33-க்கு இறங்கும்போது பல்பு எரியும், 34-ல் அணையும். முதல் வாரம் 33 முதல் 35 டிகிரி. பிறகு வாரம் சுமார் 3 டிகிரி வீதம் குறைத்து வாருங்கள். சென்சார் குஞ்சுகளின் முதுகு உயரத்தில் இருக்க வேண்டும். குஞ்சுகள் பல்புக்கு அடியில் நெருக்கியடித்தால் சூடு போதவில்லை. மூலைக்கு விலகி ஓடினால் சூடு அதிகம். எண்ணைவிட குஞ்சு சொல்வதை நம்புங்கள்.

அடிக்கடி வரும் பிரச்சினைகளும் பார்க்க வேண்டியவையும்

கம்ப்ரசர் ஒரு மணி நேரத்தில் ஆறு முறைக்கு மேல் ஓடி நிற்கிறது: டிஃபரன்ஷியல் மிகக் குறைவாக இருக்கலாம், அல்லது சென்சார் மேல் நேராகக் குளிர்காற்று அடிக்கலாம்.

நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது: காயிலில் பனி, கதவு ரப்பர் கிழிசல், அதிக சரக்கு, வெளிப்பக்கக் காயிலில் தூசி. இவற்றைப் பார்க்காமல் செட் பாயின்டை மாற்ற வேண்டாம்.

காய் சுருங்கி எடை குறைகிறது: ஈரப்பதம் போதவில்லை. தரையில் தண்ணீர் தெளியுங்கள், ஈரச்சாக்கு தொங்கவிடுங்கள். பெரிய அறைக்கு ஈரப்பதம் கூட்டும் கருவி போடலாம்.

கரன்ட் போய்விட்டது: கதவைத் திறக்காதீர்கள். நல்ல பஃப் பேனல் அறை, மூடியிருந்தால் சில மணி நேரம் குளிரைப் பிடித்து வைக்கும்.

எண்கள் தானாக மாறியிருக்கின்றன: யாரோ மாற்றியிருக்கிறார்கள். பூட்டு வசதி இருந்தால் போடுங்கள். சரியான எண்களை ஒரு அட்டையில் எழுதிக் கன்ட்ரோலர் பக்கத்திலேயே ஒட்டுங்கள். மெக்கானிக் வந்து போன பிறகு அந்த அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதல் முறை ஓட்டும்போது

புதிய அறையில் நேராக ஐம்பது குலையை ஏற்ற வேண்டாம். காலி அறையை ஒருநாள் ஓட்டி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெப்பநிலையை நோட்டில் எழுதுங்கள். 13-க்குக் கீழே ஒருமுறைகூட இறங்கவில்லை என்றால், அடுத்து ஐந்தாறு குலையை மட்டும் ஏற்றுங்கள். ஒரு வாரம் கழித்து வெளியே எடுத்துப் பழுக்க வையுங்கள். நிறமும் ருசியும் வழக்கம்போல் வந்தால் அறை சரி. மட்டி, செவ்வாழை, ஏத்தன் என்று ஒவ்வொரு ரகத்துக்கும் தனித்தனியாக இப்படி ஒருமுறை பார்த்துவிடுங்கள். இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு ஐந்தாறு குலை. சோதிக்காமல் விட்டால் ஆகும் செலவு ஓணச் சரக்கு முழுவதும்.

யாரிடம் கேட்கலாம்?

திருப்பதிசாரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையம், பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ஆகிய இரண்டும் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. வாழை ரகம், அறுவடை முதிர்ச்சி, பழுக்க வைத்தல் பற்றிய ஆய்வுகள் திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் நடக்கின்றன. தொலைபேசியில் கேட்க கிசான் கால் சென்டர் எண் 1800-180-1551, கட்டணம் இல்லை.

குளிர் அறைக்குக் கடன் வாங்குவோர் மத்திய அரசின் வேளாண் உட்கட்டமைப்பு நிதித் திட்டத்தைக் கேட்டுப் பாருங்கள். 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு ஆண்டுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை, அதிகபட்சம் 7 ஆண்டுகள் வரை உண்டு. தோட்டக்கலைத் துறையின் மானியத்துக்கு வட்டார தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தை அணுகுங்கள். வேலையைத் தொடங்கும் முன்பே விண்ணப்பியுங்கள்.

அறை கட்டித் தருபவரிடம் விலை பேசும்போதே ஒரு நிபந்தனை வையுங்கள். கன்ட்ரோலரில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் தமிழில் எழுதித் தர வேண்டும், மாற்றுவது எப்படி என்று உங்கள் முன்னால் செய்து காட்ட வேண்டும், ஐஸ் தண்ணீரில் சென்சாரைச் சோதித்துக் காட்ட வேண்டும். இந்த மூன்றும் முடிந்த பிறகு கடைசித் தவணைப் பணத்தைக் கொடுங்கள்.